நன்கொடைக் கணினி, கட்டற்ற மென்பொருள்: பள்ளியைச் சம்மதிக்க வைப்பது எப்படி?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 ஓட வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். இந்தத் தகுதி இல்லாத அலுவலகக் கணினிகள், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓரங்கட்டப்படுகின்றன. உலகில் 2022இல் மட்டும் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். அதில் கால் பங்குகூட முறையான மறுசுழற்சிக்குப் போகவில்லை.

ஓரங்கட்டப்பட்ட கணினிகளில் ஒரு பகுதி பள்ளிகளுக்கு வருகிறது. முன்னாள் மாணவர்கள் அனுப்புகிறார்கள், ஐ.டி. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வருகின்றன, ரோட்டரி, அரிமா சங்கங்கள் தருகின்றன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு இப்படி உதவி சேர்வதற்கென்றே 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் தொடங்கப்பட்டது.

கணினி வந்து இறங்கும் நாளில் மாலை, புகைப்படம், உரை எல்லாம் நடக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான். நிறுவனம் தன் தரவுகளோடு இயங்குதளத்தையும் அழித்துக் கொடுத்திருக்கும். பள்ளி பக்கத்துச் சர்வீஸ் கடைக்காரரைக் கூப்பிடும். அவர் உரிமம் இல்லாத விண்டோஸை ஏற்றி, ஆக்டிவேட்டர் ஒன்றையும் ஓடவிட்டுப் போவார். சில மாதங்களில் யாரோ ஒருவரின் பென் டிரைவ் வழியாக வைரஸ் புகுந்து கோப்புகளெல்லாம் ஷார்ட்கட்டாக மாறும். பிறகு லேப் பூட்டப்படும், சாவி தலைமையாசிரியர் மேஜையில் தங்கிவிடும்.

யாரும் பயன்படுத்தவும் நகலெடுக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமமே அனுமதிக்கும் கட்டற்ற மென்பொருளால் இந்த வரிசையை முதலிலேயே நிறுத்த முடியும். ஆனால் அது தானாகப் பள்ளிக்குள் நுழைவதில்லை. யாராவது கொண்டுபோய், விளக்கி, நிறுவி, கூடவே நின்று பழக்க வேண்டும். அந்த வேலையில் இறங்கும் தன்னார்வக் குழுக்களுக்காக இந்த அத்தியாயம்.

முதல் பேச்சு யாரிடம்?

பல குழுக்கள் முதல் சந்திப்பிலேயே சுதந்திரம், உரிமை, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் என்று தொடங்கிவிடுகின்றன. அதெல்லாம் உண்மை, தேவையும்கூட. ஆனால் காலை வழிபாட்டுக்கும் மதிய உணவுக் கணக்குக்கும் நடுவே பத்து நிமிடம் ஒதுக்கிக் கொடுத்த தலைமையாசிரியருக்கு அப்போது தெரிய வேண்டியவை வேறு. பள்ளி, மாணவர் விவரங்களைப் பதிவேற்றும் ‘எமிஸ்’ என்ற அரசு இணையதளத்தில் தொடங்கிப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“தம்பி, இதுல எமிஸ் திறக்குமா?”

“திறக்கும் சார். எமிஸ் பிரவுசர்லதான ஓடுது? ஃபயர்பாக்ஸ், குரோம் ரெண்டுமே இதுல இருக்கு. இப்பவே லாகின் பண்ணிப் பாருங்க.”

“ஆடிட்ல பில் கேட்டா?”

இந்த இரண்டாவது கேள்விதான் பல பள்ளிகளில் கதவை அடைப்பது. பில் இல்லாத பொருள் என்றாலே அரசுப் பள்ளியில் பயம். ஆகவே குழு கையோடு ஒரு பக்கக் கடிதம் கொண்டுபோக வேண்டும். நிறுவியிருக்கும் மென்பொருள்களின் பெயர், ஒவ்வொன்றும் எந்த உரிமத்தில் வெளியாகிறது, நகலெடுக்கவும் எத்தனை கணினியில் வேண்டுமானாலும் நிறுவவும் அந்த உரிமமே அனுமதி தருகிறது என்ற விளக்கம், நிறுவிய தேதி, பொறுப்பாளர் கையெழுத்து ஆகியவை அதில் இருக்கட்டும். இருப்புப் பதிவேட்டில் கணினியின் சீரியல் எண்ணுக்கு நேராக இந்தக் கடிதத்தின் நகலை ஒட்டச் சொல்லலாம். எழுத்தில் ஒன்று இருந்தால் தலைமையாசிரியருக்குத் தைரியம் வரும்.

‘இலவசம் என்றால் திருட்டாகத்தான் இருக்கும்’ என்ற சந்தேகம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் கென் ஸ்டார்க்ஸ் என்பவர் பழைய கணினிகளைச் சீர்செய்து, லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை ஏற்றி, வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்தார். 2008 டிசம்பரில் அப்படிக் கணினி பெற்ற மாணவர் ஒருவர் வகுப்பில் லினக்ஸைச் செய்துகாட்டி, நண்பர்களுக்குக் குறுந்தகடும் கொடுத்தார். ஆசிரியை அவற்றைப் பறிமுதல் செய்தார். எந்த மென்பொருளும் இலவசமாகக் கிடைக்காது, பிள்ளைகளைத் தவறான வழியில் விடுகிறீர்கள் என்ற பொருளில் ஸ்டார்க்ஸுக்குக் கடுமையாக மின்னஞ்சலும் எழுதினார். இணையத்தில் பெரும் விவாதமாகிப் போன அந்த மோதல், இருவரும் பேசித் தெளிவடைந்த பிறகே அடங்கியது. அந்த ஆசிரியையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தன் வகுப்பில் சட்டவிரோதமாக எதுவும் நடக்கக் கூடாது என்று அவர் நினைத்தார். அவருக்கு முன்கூட்டியே ஒரு விளக்கக் கடிதம் போயிருந்தால் போதும். குழுக்கள் மாணவரிடம் போவதற்கு முன் ஆசிரியரிடம் போக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

தலைமையாசிரியருக்கு அடுத்து கணினி ஆசிரியர், பிறகு பள்ளி மேலாண்மைக் குழு. பெற்றோர் இருக்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: “வெளியில போனா எல்லா இடத்துலயும் விண்டோஸ்தானே? எங்க பிள்ளைங்க இதைப் படிச்சு என்ன பண்ணும்?”

பாடநூலே சாட்சி

அந்தக் கேள்விக்குப் பதில் பள்ளியின் புத்தக அலமாரியிலேயே இருக்கிறது. 2018இல் வந்த புதிய பாடத்திட்டத்தின்படி பிளஸ் 1 கணினிப் பயன்பாடுகள் பாடநூல், ஓப்பன் ஆபிஸின் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் ஆகியவற்றைக் கற்பிக்கிறது. இயங்குதளப் பாடத்தில் விண்டோஸோடு உபுண்டுவும் வருகிறது. பிளஸ் 2 கணினி அறிவியலில் மாணவர்கள் எழுதுவது பைத்தான் நிரல். ஓப்பன் ஆபிஸின் வழித்தோன்றலான லிப்ரே ஆபிஸும் பைத்தானும் லினக்ஸ் கணினியில் கூடுதல் செலவின்றிக் கிடைப்பவை. பாடநூலைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டு, அதில் உள்ள ஒரு பயிற்சியைப் பெற்றோர் முன்னால் ஒரு மாணவியைச் செய்யச் சொன்னால் போதும், அந்தக் கேள்வி அதோடு முடியும்.

இன்னும் பெரிய சான்று எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் மெல்ல மெல்லக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் பதிப்பைத் தயாரித்தார்கள். அதில் பாடங்களுக்கு வேண்டிய மென்பொருள்களை முன்கூட்டியே சேர்த்தார்கள், மலையாளத்தில் தட்டச்சு செய்ய வழி செய்தார்கள். பத்தாம் வகுப்பு மாணவர்களின் ஐ.டி. செய்முறைத் தேர்வும் அதிலேயே நடக்கிறது. 2017இல் அந்தத் திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. 2019இல் இரண்டு லட்சம் பள்ளிக் கணினிகளுக்குப் புதிய பதிப்பைக் கொண்டுபோனபோது, உரிமக் கட்டணமாக ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் மிச்சமாகிறது என்று அந்த நிறுவனம் மதிப்பிட்டது.

பணம் ஒரு பக்கம். கேரளத்தில் இது நிலைத்ததற்கு முக்கியக் காரணம் ஆசிரியர் பயிற்சி. பள்ளி ஆசிரியர்களே பயிற்சியாளர்களாகி, மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த நிபுணர் மூன்று மணி நேரம் பேசிவிட்டுப் போவதற்கும், அடுத்த வகுப்பறையில் கணக்கு நடத்தும் டீச்சர் தன் சகாவுக்குக் காட்டிக் கொடுப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

தமிழ்நாட்டிலும் இந்த முயற்சி புதிதன்று. மத்திய அரசின் கணிமை ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் 2007இல் டெபியனை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக் கொடுக்க ஆளில்லாத இடங்களில், கணினியைத் தொடங்கும்போது திரையில் வரும் இரண்டு வரிகளில் ஒன்றாக மட்டுமே அது நின்றுபோனது. மென்பொருளைக் கணினியில் வைத்துக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை என்பதைத் தன்னார்வக் குழுக்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

வாங்கும்போதே சலித்து எடுப்பது

நன்கொடை என்பதற்காக எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளக் கூடாது. ஓடாத கணினிகளைப் பள்ளியில் இறக்குவது, மின்கழிவைக் கொட்டும் வேலையைப் பள்ளியின் தலையில் கட்டுவதாகும். நன்கொடையாளரிடம் பணிவாக, ஆனால் தெளிவாக, குறைந்தபட்சத் தகுதியை எழுத்தில் சொல்லிவிட வேண்டும்: 64 பிட் பிராசஸர், 4 ஜி.பி. ராம், கீபோர்டு, மவுஸ், மின்கம்பி சேர்ந்து வர வேண்டும், மானிட்டரில் கோடு விழக் கூடாது. 2 ஜி.பி. ராம் கொண்ட கணினியையும் ஓட்டலாம், ஆனால் பிரவுசரில் நாலைந்து பக்கம் திறந்தாலே திணறும். கூடுதலாகக் கொஞ்சம் பணம் தர நன்கொடையாளர் முன்வந்தால், பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடக் கேட்கலாம். பத்து வயதான கணினியில் வேறெந்த மாற்றமும் தராத வேகத்தை அது தரும்.

தரவு அழிப்பு நன்கொடையாளரின் பொறுப்பு, ஆனாலும் குழு சரிபார்க்க வேண்டும். ஹார்டு டிஸ்க் என்றால் ‘என்வைப்’ என்ற கட்டற்ற கருவி முழுத் தட்டையும் மேலெழுதி அழித்துவிடும். எஸ்.எஸ்.டி.யில் அந்த முறை முழுமையாகப் பலிக்காது. தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் பாதுகாப்பான அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். அலுவலக மடிக்கணினிகளில் பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டிருப்பார்கள். வண்டியில் ஏற்றும் முன்பே அதை நீக்கச் சொல்லாவிட்டால், பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கவே முடியாமல் போகலாம்.

கணினிகள் வந்ததும் ஒவ்வொன்றின் சி.பி.யூ. மூடியையும் திறக்க வேண்டும். தூசியை ஊதி எடுத்து, விசிறி சுற்றுகிறதா, மதர்போர்டில் கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ராம் அட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டலாம். மெம்டெஸ்ட் கருவியை ஓரிரவு ஓடவிட்டால் ராமின் குறை தெரிந்துவிடும்.

இங்கே ஒரு சின்னப் பொருளைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். மதர்போர்டில் வட்டமாக, ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். சி.ஆர். 2032 என்று கேட்டால் எந்தக் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். கணினிக்கு மின்சாரம் இல்லாத நேரத்தில் தேதியையும் நேரத்தையும் காப்பது அதுதான். பழைய கணினிகளில் அது தீர்ந்துபோயிருக்கும். காலையில் மெயின் சுவிட்சைப் போட்டதும் கணினி தன்னை ஏதோ ஒரு பழைய ஆண்டில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். எமிஸ் பக்கத்தைத் திறந்தால், இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் தொடங்கவேயில்லை என்று பிரவுசர் முடிவு செய்து, பக்கத்தைத் திறக்க மறுக்கும். லேப்பில் இருக்கும் ஆசிரியருக்குத் தெரிவதெல்லாம், ‘லினக்ஸ்ல நெட் வரல’ என்பதுதான். அன்றைக்கே ஊர் முழுக்க அந்தப் பேச்சு பரவும். சில பத்து ரூபாயில் தீர்கிற கோளாறு இயங்குதளத்தின் பேரைக் கெடுத்துவிடக் கூடாது. நன்கொடையாக வரும் ஒவ்வொரு மேஜைக் கணினிக்கும் புதிய பேட்டரி போட்டுவிடுவதை நிரந்தர விதியாக வைத்துக்கொள்வது நல்லது.

எந்த லினக்ஸ்?

குழுவில் பத்துப் பேர் இருந்தால் பத்து விருப்பம் இருக்கும். பள்ளிக்கு ஒன்றே ஒன்றுதான் போக வேண்டும். எல்லாக் கணினியிலும் ஒரே இயங்குதளம், ஒரே பதிப்பு, ஒரே திரை அமைப்பு. ஆசிரியர் ஒரு கணினியில் கற்றுக்கொண்டது அடுத்ததிலும் அப்படியே இருக்க வேண்டும்.

4 ஜி.பி. ராம் உள்ள கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பு பொருத்தமானது. கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று விண்டோஸ் பழகியவருக்குக் கண் தடுமாறாது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. அதைவிட எளிய கணினிகளுக்கு லுபுண்டுவையோ, எல்.எக்ஸ்.க்யூ.டி. திரை கொண்ட டெபியனையோ பார்க்கலாம். 32 பிட் கணினிகளின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 அவற்றுக்கு நிறுவி தரவில்லை. அத்தகைய கணினி வந்தால் ஆன்டி-எக்ஸ் போன்ற மெலிந்த பதிப்பை ஏற்றித் தட்டச்சுப் பயிற்சிக்கு வைக்கலாம், அல்லது பாகங்களைப் பிரித்துக் காட்டும் பாடத்துக்குப் பயன்படுத்தலாம்.

ஒரு கணினியை முழுமையாகத் தயார் செய்துவிட்டு, அதன் நகலைக் குளோன்சில்லா மூலம் மற்றவற்றில் இறக்குவது வேலையைப் பெருமளவு குறைக்கும். இறக்கிய பிறகு ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பெயர் கொடுக்க வேண்டும். அதே பெயரை மானிட்டரின் மேல் ஸ்டிக்கராக ஒட்ட வேண்டும். “மூணாவது வரிசையில ரெண்டாவது சிஸ்டம்” என்று தொலைபேசியில் கேட்பதைவிட, “லேப்-07” என்று கேட்பது எளிது.

அலுவலக அறையில் ஏற்கெனவே ஓடும் விண்டோஸ் கணினியில் கைவைக்க வேண்டாம். சம்பளப் பட்டியல், மின்கையொப்ப டோக்கன், பழைய பிரிண்டர் என்று அதனோடு எத்தனையோ பின்னியிருக்கும். லேப்பில் நம்பிக்கை வந்த பிறகு அவர்களே கேட்பார்கள். லேப்புக்குப் பிரிண்டர் இருந்தால் அதை முன்கூட்டியே சோதித்துக்கொள்ள வேண்டும். பள்ளிகளில் அடிக்கடி காணும் ஹெச்.பி. லேசர்ஜெட் 1020 போன்றவற்றுக்கு, லினக்ஸின் ஹெச்.பி. கருவிகளோடு தனியாக ஒரு செருகுநிரலையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டியிருக்கும். இணையம் இல்லாத ஊரில் போய் நின்றுகொண்டு அதைத் தேடக் கூடாது.

தமிழ் வந்தால்தான் ஆசிரியர் வருவார்

தமிழ்நாட்டுப் பள்ளியில் லினக்ஸ் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் வினாத்தாளில்தான். தமிழாசிரியர் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கும் வினாத்தாள்களை பென் டிரைவில் கொண்டுவருவார். லிப்ரே ஆபிஸில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குழம்பிக் கிடக்கும். அவர் முகம் வாடிவிடும். கோப்பு கெட்டுப்போகவில்லை. அது பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்க எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. அந்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு இரண்டு வழி உண்டு. உடனடி வழி, அவரிடம் முறைப்படி இருக்கும் எழுத்துருவை இங்கும் நிறுவிக் கொடுப்பது. நிலையான வழி, கோப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுவது. இதற்குத் திறந்த மூல மாற்றிகள் இருக்கின்றன. ‘ஓப்பன் தமிழ்’ என்ற பைத்தான் நிரலகத்திலும் இந்த வசதி உண்டு. தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது என்பதையும் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். மாற்றியபின் அந்த வினாத்தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் கைபேசியில் அப்படியே படிக்கலாம் என்று செய்துகாட்டினால், மீதிக் கோப்புகளை அவரே எடுத்துக்கொண்டு வருவார்.

தட்டச்சுக்கு ஐபஸ் கருவியில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டையும் சேர்த்து வைக்கலாம். 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை மாணவர்களுக்கு ஏற்றது. ‘அம்மா’ என்று அடிக்கும் வேகத்திலேயே வித்தியாசம் தெரியும். ஏற்கெனவே ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்துப் பழகிய ஆசிரியரை மட்டும் கட்டாயப்படுத்த வேண்டாம்.

லிப்ரே ஆபிஸில் இன்னும் இரண்டு அமைப்புகளை மறக்கக் கூடாது. சேமிக்கும் வடிவம் வேர்டின் ‘டாக்ஸ்’ ஆகவே இருக்கும்படி முன்கூட்டியே மாற்றி வைத்தால், ஆசிரியர் வீட்டுக் கணினியிலும் கோப்பு சிக்கலின்றித் திறக்கும். காலிப்ரிக்கு இணையான கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு இணையான கலாடியா ஆகிய எழுத்துருக்களை நிறுவினால், இரண்டு பக்க வினாத்தாள் மூன்றாம் பக்கத்துக்கு வழியாது.

உள்ளூர் மணம் சேர்ப்பது எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு ஸ்பெயினின் எக்ஸ்ட்ரமதுரா நல்ல எடுத்துக்காட்டு. அந்த நாட்டின் வசதி குறைந்த பகுதிகளில் ஒன்றான அது, 2002இல் தன் பள்ளிகளுக்காக ‘லின்எக்ஸ்’ என்ற சொந்த லினக்ஸை வெளியிட்டது. உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டு மாணவர்களுக்கு ஒரு கணினி என்பது இலக்கு. ‘கிம்ப்’ போன்ற அயல் பெயர்கள் யாருக்கும் புரியாது என்று, படம் திருத்தும் அந்தக் கருவிக்குத் தங்கள் மண்ணில் பிறந்த ஓவியர் சுர்பரானின் பெயரை வைத்தார்கள். தமிழ்ப் பள்ளியிலும் திரையில் ‘எழுத’, ‘வரைய’, ‘கணக்கு’, ‘கலைக்களஞ்சியம்’ என்று நான்கு சின்னங்களை வைத்தால், மெனுவுக்குள் போய்த் தேட வேண்டிய தேவையே வராது.

அடுத்த பீரியடுக்கு என்ன இருக்கிறது?

ஆசிரியர் ஒவ்வொருவரும் மனத்துக்குள் கேட்பது இதைத்தான். ஆகவே செயல்விளக்கத்தை மென்பொருள் வாரியாகத் திட்டமிடாமல், பாடம் வாரியாகத் திட்டமிட வேண்டும்.

தொடக்க வகுப்புகளுக்கு ஜிகாம்ப்ரிஸ். 2000இல் பிரான்சில் தொடங்கிய இந்தத் தொகுப்பில் எண், எழுத்து, கடிகாரம், கூட்டல், மவுஸ் பயிற்சி என்று நூற்றுக்கும் மேற்பட்ட செயல்பாடுகள் உள்ளன. மவுஸையே தொட்டிராத குழந்தைக்கு இது முதல் படி. வரைவதற்கு டக்ஸ் பெயின்ட். கணக்காசிரியருக்கு ஜியோஜீப்ரா: முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாலும் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகையிலேயே நிற்பதைப் பிள்ளைகள் தாங்களே பார்ப்பார்கள். அறிவியலுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘பெட்’ உருவகங்கள். மின்சுற்று, ஒளிவிலகல், அமிலம், காரம் எல்லாம் உண்டு, இவற்றில் பல தமிழிலும் கிடைக்கின்றன. ஆய்வகத்தில் ஒரே ஒரு அம்மீட்டர் இருக்கும் பள்ளியில் இதன் அருமை தனியே சொல்ல வேண்டியதில்லை.

இணையம் வராத பள்ளிக்கு கிவிக்ஸ் பெரிய கொடை. தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி, பென் டிரைவில் கொண்டுபோய்க் கணினியில் வைத்துவிடலாம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. ‘தஞ்சாவூர்’ என்று அடித்ததும் இணைய இணைப்பே இல்லாமல் கட்டுரை விரிவதைக் காணும் சமூக அறிவியல் ஆசிரியர், அடுத்த பயிற்சித்தாளுக்கு லேப்பையே நாடுவார். காணொளி, பயிற்சிகளைத் தொகுத்து வகுப்பறைக்குள்ளேயே ஓடவிட கோலிப்ரி இருக்கிறது.

செயல்விளக்க நாளில் குழுவினர் மவுஸைத் தொடக் கூடாது என்பது நல்ல கட்டுப்பாடு. ஆசிரியர் கையில் மவுஸ் இருக்கட்டும், தடுமாறினாலும் காத்திருக்கலாம். முதல் நாள் மூன்றே மூன்று காரியம் போதும்: ஒரு வினாத்தாளைத் தமிழில் அடித்து அச்சிடுவது, எமிஸில் நுழைவது, தன் பாடத்துக்கான ஒரு செயல்பாட்டை ஓட்டுவது. இந்த மூன்றையும் அவர் கையாலேயே செய்து முடித்தால், அடுத்த வாரம் லேப்பின் சாவியைக் கேட்டு வாங்குவார்.

பார்த்துக்கொள்ள ஆள்

குழு ஊருக்குத் திரும்பிய பின் நடப்பதுதான் உண்மையான தேர்வு. கணினி ஆசிரியர் இடமாறுதலில் போனால் லேப்பும் அவரோடு போய்விடும் பள்ளிகள் ஏராளம். ஒருவரை நம்பாமல், மாணவர்களையே பொறுப்பில் வைப்பதுதான் இதற்கு மருந்து.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள பென் மேனர் பள்ளி மாவட்டம், 2014 ஜனவரியில் தன் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு 1,700க்கும் மேற்பட்ட உபுண்டு மடிக்கணினிகளைக் கொடுத்தது. கோளாறு பார்க்கும் மேஜையில் மாணவர்களையே உட்கார வைத்தது. கணினியில் மென்பொருள் நிறுவும் அதிகாரத்தையும் மாணவர்களுக்கே தந்தது. கேரளத்தின் ‘லிட்டில் கைட்ஸ்’ அமைப்பு 2018இல் தொடங்கி, 2,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் மாணவர் குழுக்களை வைத்து நடக்கிறது. அனிமேஷன், நிரலாக்கம், மலையாளக் கணிமை என்று பயிற்சி பெறும் அந்தப் பிள்ளைகள் பள்ளியின் கருவிகளையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

நம் பள்ளிகளில் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கலாம், அதில் பாதியாவது மாணவிகளாக இருக்கட்டும். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு வந்துவிடும் என்பதால் அவர்களை முதன்மைப் பொறுப்பில் வைக்க முடியாது. பென் டிரைவிலிருந்து இயங்குதளத்தை மறுபடி நிறுவுவது, ராமைக் கழற்றி மாட்டுவது, பிரிண்டரில் சிக்கிய தாளை எடுப்பது, புதுப்பிப்பு ஓட்டுவது ஆகிய நான்கும் இவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கணினியை இவர்கள் கையால் அழித்து மறுபடி நிறுவச் செய்வது அவசியம். பயம் போவது அப்போதுதான். லேப்பில் ஒரு நீள நோட்டு இருக்கட்டும்: தேதி, கணினியின் பெயர், கோளாறு, செய்தது, செய்தவர். அந்த நோட்டைப் புகைப்படம் எடுத்து மாதம் ஒருமுறை குழுவுக்கு அனுப்பினாலே, நேரில் போகாமல் பாதிச் சிக்கல்களைத் தீர்த்துவிடலாம்.

அருகில் உதவி உண்டா என்று தேடுவதும் குழுவின் கடமை. சென்னையில் 1998 முதல் லினக்ஸ் பயனர் குழு இயங்கிவருகிறது. விழுப்புரத்தில் வி-கிளக் குழு கிராமப்புற இளைஞர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பிக்கிறது. ‘கணியம்’ தமிழிலேயே கட்டுரைகளையும் மின்னூல்களையும் உரிமச் சிக்கல் இல்லாமல் தருகிறது. அவற்றை அச்சிட்டு லேப்பில் தொங்கவிடலாம்.

ஆண்டு நாட்காட்டி

ஜூன் முதல் வாரம், பள்ளி திறக்கும்போது: எல்லாக் கணினியையும் ஓட்டிப் பார்த்து, தேதி சரியா என்று கவனித்து, புதுப்பிப்புகளை இறக்க வேண்டும். இணையம் மெதுவான பள்ளியில், ஒரு கணினி இறக்கியதை மற்றவை அதனிடமிருந்து பெறும்படி ‘ஆப்ட் கேச்சர்’ அமைத்துக் கொடுக்கலாம். புதிய ஆசிரியர்கள் வந்திருந்தால் அவர்களுக்கு முதல் நாளின் அந்த மூன்று காரியங்கள்.

காலாண்டு விடுமுறையில்: நீள நோட்டைப் பார்த்து, திரும்பத் திரும்பக் கெடும் கணினியைப் பிரித்து ஆராய்வது. அரையாண்டு விடுமுறையில்: எட்டாம் வகுப்பிலிருந்து அடுத்த மாணவர் குழுவைத் தேர்ந்து, பழைய குழுவோடு சேர்த்துப் பயிற்சி தருவது. கிவிக்ஸ் கோப்பின் புதிய பதிப்பை அப்போதே மாற்றிவிடலாம்.

ஏப்ரலில், தேர்வுகள் முடிந்ததும்: ஆசிரியர்களின் கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, கணினிகளை மூடி, மின்இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். கோடை இடியில் போகும் மதர்போர்டுகள் ஏராளம். சரிசெய்யவே முடியாதவற்றை அந்த மாதமே பட்டியலிட்டு, அவற்றின் ராம், ஹார்டு டிஸ்க், மின்வழங்கி ஆகியவற்றைப் பிற கணினிகளுக்காகக் கழற்றி வைக்கலாம். மிச்சத்தை, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். அந்த ரசீதை இருப்புப் பதிவேட்டில் ஒட்டி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து பெற்ற பிறகே அந்தக் கணினிகளைக் கணக்கிலிருந்து நீக்கலாம். எத்தனை இடம் காலியாகியிருக்கிறது என்ற எண்ணோடு, அடுத்த கல்வியாண்டுக்கான நன்கொடைக் கோரிக்கையையும் அதே நாளில் எழுதிவிடலாம்.